முன் பிறேக் எந்தக் கைக்கு?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. 13 வயது மகளுக்கு ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறா. வாங்கும்போது வலது லீவர் முன் சில்லுக்கும் இடது லீவர் பின் சில்லுக்கும் இருந்தது. விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து வந்த தம்பி அதைப் பார்த்துவிட்டு, "இது பிழையக்கா, முன் பிறேக் இடக்கையிலதான் இருக்க வேணும்" என்று வயர்களை மாற்றிப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். கணவரின் பழைய றலி சைக்கிளில் வலதுதான் முன். மகள் இரண்டையும் மாறி மாறி ஓடுகிறாள். உவர்மலை இறக்கத்தால் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகவேணும். எது சரி, திருப்பி மாற்றுவதா, அப்படியே விடுவதா என்பது கேள்வி.

திருப்பி மாற்றுங்கள் தங்கச்சி. இந்தக் கிழமைக்குள்ளேயே மாற்றுங்கள். காரணம் தம்பி நினைப்பதும் இல்லை, நீங்கள் பயப்படுவதும் இல்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் தம்பிக்கு நியாயம் செய்துவிடுவோம். அவர் இருக்கிற நாட்டில் அவர் சொன்னதுதான் வழக்கம். பிரான்சில் விற்கிற சைக்கிளில் இடது லீவர் முன் சில்லைப் பிடிக்கும். அமெரிக்காவிலும் அப்படித்தான். அங்கே நுகர்வோர் பாதுகாப்பு விதியே பின் பிறேக்கின் லீவர் வலப்பக்கம் இருக்க வேணும் என்கிறது. ஓடுகிறவர் விரும்பிக் கேட்டால் மட்டும் மாற்றிக் கொடுக்கலாம். பிரிட்டனில் இதற்கு நேர் எதிர். 2010ஆம் ஆண்டு வந்த விதிப்படி அங்கே விற்கிற புதுச் சைக்கிளில் வலது லீவர்தான் முன் பிறேக். ஜப்பானிலும் வலது முன், இடது பின். சைக்கிளுக்கான சர்வதேசத் தரம் 4210 இதில் தலையிடாமல், விற்கப்படும் நாட்டின் சட்டமும் வழக்கமும் எப்படியோ அப்படியே பூட்டுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறது. பொறியியல் ஒரு பக்கத்தை மட்டும் சரியென்று நிரூபித்திருந்தால் அவர்கள் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

எங்கட ஊருக்கு இந்த வழக்கம் றலியோடும் ஹம்பரோடும் வந்தது. இரண்டும் இங்கிலாந்துச் சைக்கிள்கள். நான் சைக்கிள் திருத்துகிற கடையில் வளர்ந்தவன். அப்பாவின் கடைக்கு வந்த, வயருக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுபடும் கம்பிப் பிறேக் சைக்கிள் ஒவ்வொன்றிலும் வலது லீவரின் கம்பிதான் முன் சில்லுக்கு இறங்கும். இடது லீவரின் கம்பி சட்டத்தின் கீழால் வளைந்து வளைந்து பின்னுக்குப் போகும். அதை மாற்றித் தாருங்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கம்பிப் பிறேக்கில் அது லேசில் நடக்கிற வேலை இல்லை. வயர் வந்த பிறகுதான் "எந்தப் பக்கம்" என்ற கேள்வியே வந்தது.

ஏன் நாடு நாடாக மாறுகிறது? வழக்கமாகச் சொல்லும் விளக்கம் கைச்சைகை. நாங்கள் வீதியின் இடப்பக்கத்தால் போகிறோம். வலப்பக்கம் திரும்புவதுதான் ஆபத்தான திருப்பம், ஏனென்றால் எதிரே வருகிற வாகனங்களைக் குறுக்கறுக்க வேணும். அப்போது வலக்கையை நீட்டுவோம். ஹான்டிலில் இடக்கை மட்டும் மிஞ்சும். அந்த ஒற்றைக் கையில் பின் பிறேக் இருப்பது நல்லது, முன் பிறேக் இருப்பது கூடாது. பிரான்சில் எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறும்: இடக்கையை நீட்டுவார்கள், வலக்கை மிஞ்சும், அதில் பின் பிறேக். ஆக, உங்கள் தம்பியின் சைக்கிளும் உங்கள் வீட்டுக்காரரின் றலியும் ஒரே யோசனையைத்தான் இரண்டு ஊர் வீதிக்கு ஏற்றபடி சொல்கின்றன. தம்பி அந்த யோசனையை விட்டுவிட்டுப் பக்கத்தை மட்டும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஒற்றைக் கையில் முன் பிறேக் ஏன் கூடாது என்பதை நான் கோட்டைக்குள் படித்தேன். இருபத்தைந்து வயதிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போய், திரும்பி இறங்கி வருகிறேன். வலக்கையில் அர்ச்சனைத் தட்டு. பிரெட்ரிக் கோட்டை மான்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவை வீதியைத் தங்கள் வீட்டு முற்றமாகத்தான் நினைக்கின்றன. ஒன்று குறுக்கே வந்து நின்றுவிட்டது. இடது லீவரை இறுக்கிப் பிடித்தேன், பின் பிறேக் என்ற நினைப்பில். அது முன் பிறேக். பிடித்த கை ஹான்டிலை முன்னுக்குத் தள்ளியது, முன் சில்லு முறுகியது, நான் ஹான்டிலுக்கு மேலால் போய்த் தோள் அடிபட விழுந்தேன். மான் அசையவில்லை. தேங்காய்ப் பாதி உருண்டு போய் அதன் காலடியில் நின்றது. அது சாவகாசமாக அதைச் சுரண்டத் தொடங்கியதைத் தரையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் இரண்டு பிழை இருந்தது. ஒரு கையால் முன் பிறேக்கைப் பிடித்தால், உடம்பு முன்னுக்குத் தள்ளும் பாரத்தைத் தாங்க ஒரு கைதான் இருக்கும். அந்தக் கை ஒரு பக்கத்தை மட்டும் தள்ள, ஹான்டில் திரும்பிவிடும். ஆனால் அதைவிடப் பெரிய பிழை, என் கை ஒன்றை எதிர்பார்த்தது, சைக்கிள் வேறொன்றைச் செய்தது. மான் குறுக்கே வந்த நேரத்தில் யாரும் யோசித்துப் பிறேக் பிடிப்பதில்லை. கைதான் பிடிக்கிறது. அந்தக் கைக்குத் தெரிந்தது நேற்று ஓடிய சைக்கிள்.

உங்கள் மகளின் நிலைமையும் இதுதான். இன்றைக்கு ஜப்பான் சைக்கிள், நாளைக்கு அப்பாவின் றலி. ஒன்றில் இடது முன், மற்றதில் வலது முன். எந்தப் பக்கம் நல்லது என்ற விவாதத்தை விட, இப்படி ஒரே வீட்டில் இரண்டு விதம் இருப்பதுதான் ஆபத்து. றலியின் கம்பிப் பிறேக்கை லேசில் மாற்ற முடியாது. ஆகவே மாற்ற முடிந்ததை மாற்றுகிறோம்.

இன்னொன்று. இன்னும் நாலைந்து வருடத்தில் அவள் ஸ்கூட்டி கேட்பாள். ஸ்கூட்டியில் வலது லீவர் முன் பிறேக், இடது பின். மோட்டார் சைக்கிளில் வலக்கையில் முன் பிறேக், இடக்கையில் கிளச், பின் பிறேக் வலக்காலில். பாரிஸில் ஓடினாலும் பாலையூற்றில் ஓடினாலும் அது மாறாது. உங்கள் தம்பி ஸ்கூட்டர் வைத்திருந்தால் அவருடைய கையே இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் தடுமாறும், கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. சைக்கிளில் பழகிய கை அப்படியே ஸ்கூட்டிக்குப் போகலாம்.

பலமான கை எது என்றும் ஒரு வாதம் உண்டு. வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு வலக்கைதான் நுணுக்கமாகப் பிடிக்கும், ஆகவே நுணுக்கம் வேண்டிய முன் பிறேக் அதற்கு என்பார்கள். இல்லையில்லை, பின் வயர் நீளம், உராய்வு கூட, இழுக்கப் பலம் வேணும், ஆகவே பலமான கை பின்னுக்கு என்பார்கள் மற்றவர்கள். வயரைத் துப்புரவாக வைத்திருந்தால் இரண்டாவது வாதம் செத்துவிடும். முதலாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று மாதம் ஓடினால் எந்தக் கையும் பழகிவிடும். இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைகள் எங்கட ஊரில் வலது முன் பிறேக்கோடு நன்றாகத்தான் ஓடுகிறார்கள். அதற்குமேல் இதில் நேரம் செலவழிக்கமாட்டேன்.

இனி, உங்கள் கேள்விக்கு அடியில் கிடக்கிற பயத்துக்கு வருகிறேன். "முன் பிறேக் பிடிச்சால் தூக்கி எறியும், பின் பிறேக்கை மட்டும் பிடி என்றுதான் சொல்லி வைச்சிருக்கிறன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான். ஆனால் உவர்மலை இறக்கத்தில் அந்தப் புத்திமதி பிள்ளைக்கு உதவாது.

பிறேக் பிடிக்கும்போது உடம்பின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. பஸ் திடீரென்று நின்றால் நாங்கள் முன் சீற்றில் முட்டுகிறோமே, அதே சங்கதி. முன் சில்லில் பாரம் கூடும், பின் சில்லில் குறையும். பாரம் குறைந்த சில்லு வீதியைப் பற்றிப்பிடிக்காது. பின் பிறேக்கை எவ்வளவு இறுக்கினாலும் சில்லு நின்று சறுக்கும், சைக்கிள் நிற்காது. ஒரு சாதாரண சைக்கிளுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு சில்லுக்கும் நடுத்தூரம் ஒரு மீற்றரும் கொஞ்சமும், ஓடுகிறவரின் பாரத்தின் மையம் நிலத்திலிருந்து 1.1 மீற்றர் உயரம், முன் சில்லு நிலத்தைத் தொடும் இடத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் பின்னால். காய்ந்த தார் வீதியில் பின் பிறேக் மட்டும் பிடித்தால், புவியீர்ப்பின் கால் பங்கு அளவுக்குத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். முன் பிறேக்கால் அரைப் பங்கு வரை போகலாம். அதையும் கொஞ்சம் தாண்டினால்தான் பின் சில்லு எழும்பும்.

மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற பிள்ளைக்கு இது என்ன? முன் பிறேக்கை ஒழுங்காகப் பிடித்தால் ஏறக்குறைய 3 மீற்றரில் நிற்கலாம். பின் பிறேக் மட்டும் என்றால் 6 மீற்றருக்கு மேல். நடுவில் உள்ள 3 மீற்றருக்குள் ஒரு ஓட்டோ நிற்கும். இறக்கம் என்றால் பின் சில்லில் பாரம் இன்னும் குறைவு, இரண்டு தூரமும் இன்னும் கூடும்.

தூக்கி எறிவது உண்மையா? உண்மைதான், ஆனால் பெரும்பாலும் சைக்கிள் கவிழ்வதற்கு முன்னமே ஓடுகிறவர் சீற்றிலிருந்து வழுகி முன்னுக்குப் போய்விடுகிறார். கைகளை ஹான்டிலில் ஊன்றி, இடுப்பைச் சீற்றின் பின்பக்கம் தள்ளி, லீவரைப் பிசைவதுபோல் மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் அந்த வழுகல் இல்லை. திடீரென்று ஒரேயடியாக இறுக்கினால்தான் வில்லங்கம். பின்னேரத்தில் சனம் இல்லாத மட்டமான வீதி ஒன்றுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நடை வேகத்தில் முன் பிறேக்கை மட்டும் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். பத்துத் தரம். பிறகு கொஞ்சம் வேகம் கூட்டி, இரண்டையும் சேர்த்து. பின் சில்லு லேசாகச் சறுக்கினால் அது சைகை: முன் பிறேக்கைக் கொஞ்சம் தளர்த்து என்று. இதை ஒரு கிழமை செய்தாலே அந்தப் பயம் மரியாதையாக மாறிவிடும்.

முன் பிறேக்கைத் தொடக்கூடாத இடங்களும் எங்கட ஊரில் நிறைய. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை ஒழுங்கைகளில் தாருக்கு மேல் மணல் படர்ந்து கிடக்கும். மணலில் முன் சில்லு நின்றால் அந்தக் கணமே சைக்கிள் சரியும், மீட்க நேரம் இல்லை. பின் சில்லு நின்றால் வாலை ஆட்டிவிட்டு நேராகிவிடும். ஆகவே மணல், கிரவல், மழையில் நனைந்த மஞ்சள் கோடு, சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும் நேரம், இவற்றில் பின் பிறேக். அதனால்தான் எந்தக் கை எதைப் பிடிக்கும் என்று யோசிக்காமலே தெரிந்திருக்க வேணும் என்கிறேன். தேர்ந்து பிடிக்கத் தெரியாதவளுக்கு இரண்டு லீவரும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் மீன்காரரைச் சொல்லாமல் போக முடியாது. கரியரில் மீன் பெட்டியோடு போகிற ஐயாமார் "நான் முப்பது வருசமாய்ப் பின் பிறேக்தான் பிடிக்கிறன்" என்பார்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. பின் சில்லுக்கு மேல் 40 கிலோ இருந்தால் அந்தச் சில்லு வீதியை நன்றாகப் பிடிக்கும். என் கணக்கில் பின் பிறேக்கின் பலன் மூன்றில் ஒரு பங்கு கூடும். வெறும் கரியரோடு புத்தகப் பையைத் தோளில் போட்டுப் போகிற பிள்ளைக்கு அந்த அனுபவம் பொருந்தாது. எதிர்ப்பக்கமும் உண்டு. சின்னப் பிள்ளையை முன் பாரில் இருத்திப் போகிறவர்களுக்குப் பாரம் முன்னுக்கு வருகிறது, பிள்ளைக்குக் கையை ஊன்றவும் தெரியாது. அவர்கள் முதலில் வேகத்தைக் குறைக்க வேணும், பிறேக்கைப் பற்றிப் பிறகு பேசலாம்.

மாரி தொடங்கினால் இன்னொரு கதை. ஐப்பசியிலிருந்து தை வரை வீதி காய்வதே இல்லை. பளபளவென்று குரோம் பூசிய இரும்பு றிம்மில் ஈரம் பட்டால் றப்பர்க் கட்டை வழுகிக்கொண்டே போகும். அலுமினிய றிம்மில் அவ்வளவு மோசம் இல்லை. உங்கள் மகளின் சைக்கிளில் முன் றிம் எது என்று காந்தம் வைத்துப் பாருங்கள். வழமையான துருப்பிடிக்காத இரும்பு காந்தத்தில் ஒட்டாமலும் போகலாம், ஆகவே பாரத்தையும் நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். அலுமினியம் மங்கலான வெள்ளையாக இருக்கும். எந்த றிம் என்றாலும் மழையில் இறக்கம் தொடங்குவதற்கு முன்னமே பிறேக்கை லேசாகத் தொட்டுப் பிடித்தபடி சில்லு நாலைந்து சுற்று சுற்றவிட்டால் கட்டை தண்ணீரை வழித்துவிடும். பிறகுதான் உண்மையான பிடி வரும்.

மாற்றுகிற வேலைக்கு வருவோம். லீவர்களைக் கழற்றி இடம் மாற்றத் தேவையில்லை, வயர்களை மட்டும் மாற்றினால் போதும். முன் பிறேக்கில் வயரை இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தினால் வயர் தொய்யும். லீவரிலும் அதன் வாயில் இருக்கும் இரண்டு திருகுகளிலும் ஒரு வெட்டு இருக்கும். மூன்றையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தால் வயரின் குண்டுமுனை பக்கத்தால் கழன்று வரும். பின்னதையும் அப்படியே கழற்றி, இடம் மாற்றிப் போட்டு, திருகைத் திருப்பி வெட்டை மறைத்து இறுக்குங்கள். வயரின் நுனி பிரிந்து துடைப்பம் மாதிரி இருந்தால் புது வயர் போடுங்கள். அதன் விலைக்கு யோசிக்க வேண்டாம்.

தம்பி மாற்றியபோது வயரின் மேலுறையை வெட்டியிருந்தால்தான் சிக்கல். முன் பிறேக்கில் வயர் எந்தப் பக்கத்தால் நுழைகிறது என்று பாருங்கள். எதிர்க்கையிலிருந்து வந்தால் அகலமான வளைவு கிடைக்கும். அதே பக்கத்துக் கையிலிருந்து வந்தால் வளைவு இறுகும், மேலுறையைக் கொஞ்சம் நீளமாக விட வேணும். இறுகிய வளைவில் வயர் உரசி, லீவர் பாரமாகும், விட்டாலும் திரும்பி வராது. பூட்டி முடிந்ததும் ஹான்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். வயர் இழுபடவும் கூடாது, ஒடிந்து மடங்கவும் கூடாது. கடைசியாக, சைக்கிளின் பக்கத்தில் நின்று முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வலது லீவரைப் பிடியுங்கள். பின் சில்லு எழும்பினால் முன் பிறேக் வலக்கைக்கு வந்துவிட்டது. இரவல் சைக்கிளில் ஏறுகிற ஒவ்வொரு தரமும் மகள் இந்த ஒரு சோதனையைச் செய்யட்டும். கடற்கரைப் பக்கம் வாடகைக்கு விடுகிற சைக்கிள்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைக்கவேண்டாம்.

13 வயதுக் கைக்கு லீவர் எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். பெரும்பாலான லீவர்களில் பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை உள்ளே முறுக்கினால் லீவர் கைக்குக் கிட்ட வரும். இரண்டு விரல் லீவரில் வசதியாகப் படிய வேணும். பாதி தூரம் இழுப்பதற்குள் கட்டை றிம்மைப் பிடிக்க வேணும். முழுக்க இழுத்தால் லீவர் ஹான்டிலில் முட்டுவது கூடாது. எங்கட உப்புக் காற்றில் வயர் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், வெளியில் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன் மாற்றிவிடுங்கள். நடுவில் தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம்.

கடைசி வரியில் பின் பிறேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கீச்சிடுகிறது என்றும், வயர் மாற்றியதால்தானோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஜப்பான் சைக்கிள்கள் பலவற்றில் பின் சில்லின் நடுவில் வட்டமாக ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ளே ஒரு பட்டி உருளையைச் சுற்றி இறுக்கித்தான் பிறேக் பிடிக்கிறது. பட்டி தேய்ந்தாலோ பளிங்குமாதிரி மினுங்கினாலோ கத்தும். சத்தம் நிற்கட்டும் என்று யாராவது அதற்குள் எண்ணெய் விட வந்தால் விடாதீர்கள். சத்தம் நிற்கும், பிறேக்கும் போய்விடும். கடையில் கொடுத்துப் பட்டியை மாற்றுங்கள்.